மூன்று மணி நேர லவுஞ்சில் எழுபத்தைந்து நிமிடம்

மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஐந்துக்கு மூன்று. அந்த மூன்றில் ஒன்று பிளாஸ்டிக் ஸ்டூல் கொண்டுவந்து கொடுத்த பெண்ணுக்கு. அவர் இல்லையென்றால் இரண்டுதான்.

எதற்கு இந்த மதிப்பெண் என்றால், வங்கி அட்டையோடு சேர்ந்து வருகிற லவுஞ்ச் (விமான நிலையத்தில் சாப்பாடு, குளியல் வசதியோடு காத்திருக்கிற கூடம்) சலுகைக்கு. வருடத்துக்கு இரண்டு முறை இலவசம், உலகம் முழுக்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட லவுஞ்சுகள் என்று பளபளவென்று மின்னஞ்சல் வருமே, அதுதான். வங்கியின் பெயரும் வேண்டாம், லவுஞ்சின் பெயரும் வேண்டாம், விமான நிறுவனங்களின் பெயரும் வேண்டாம். எங்களுக்கு நடந்தது, தனித்தனி டிக்கெட்டில் இரண்டு வெவ்வேறு விமானம் பிடிக்க சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் பெட்டியோடு இறங்குகிற யாருக்கும் நடக்கும்.

நான் சிங்கப்பூரில், துவாஸ் பகுதியில் ஒரு கம்பெனியில் சம்பளக் கணக்குப் பார்க்கிறேன். விதிமுறைகளை அடிவரை படிக்கிற பழக்கம் தொழிலோடு வந்தது. அப்படிப் படித்துவிட்டுப் போயும் ஏமாந்தேன் என்பதுதான் எரிச்சல்.

கதை இது. பெர்த்தில் இருக்கும் நாத்தனாருக்கு இரண்டாவது பிரசவம். மாமியாரைக் கொண்டுபோய் விட வேண்டும். அத்தை புதுக்கோட்டைப் பக்கம். முதல் தடவை ஆஸ்திரேலியா, முழங்கால் வலி, சர்க்கரை. தனியாக அனுப்ப என் கணவருக்கு மனம் வரவில்லை; அவருக்கு லீவும் வரவில்லை. ஆக நான். திருச்சியிலிருந்து சிங்கப்பூர் ஒரு மலிவு விமானம், சிங்கப்பூரிலிருந்து பெர்த்துக்கு வேறொரு நிறுவனம். சேர்த்து ஒரே டிக்கெட்டாகப் பார்த்தபோது இரண்டு பேருக்கும் விலை எங்கேயோ போனது. பிரித்துப் போட்டால் ஒருவர் டிக்கெட் காசே மிச்சம். போட்டுவிட்டேன். நடுவில் எட்டரை மணி நேரம். அதை வேண்டுமென்றேதான் வைத்தேன். தனித்தனி டிக்கெட் என்றால் முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது போய்விட்டால் இரண்டு நிறுவனங்களும் கையை விரித்துவிடும். அந்த எட்டரை மணி நேரம்தான் எங்கள் காப்புறுதி.

‘வீடு இங்கேயே இருக்கிறதே, போய்ப் படுத்து எழுந்து வரலாமே’ என்று கேட்பீர்கள். அத்தையும் கேட்டார்.

“ஏம்மா, வீட்டுக்குப் போயி குளிச்சிட்டு வந்துரலாம்ல?”

ஜூரோங் வெஸ்ட்டில் எங்கள் புளோக்கில் அந்த வாரம்தான் வீட்டு மேம்பாட்டுத் திட்ட வேலை. கழிவறை இரண்டையும் உடைத்துப் போட்டிருந்தார்கள். தற்காலிகமாகக் கொடுத்த கழிவறையை என் கணவர் வீடியோ எடுத்து அனுப்பியிருந்தார். அதை அத்தையிடம் காட்டினேன். அதற்குப் பிறகு வீட்டுப் பேச்சே எடுக்கவில்லை. ஆகவே எங்களுக்கு வேண்டியது ஷாம்பெயினும் சொகுசு நாற்காலியும் இல்லை. ஒரு நல்ல கழிவறை, ஒரு குளியல், கால் நீட்ட ஓர் இடம், மாத்திரை போட வெந்நீர். இந்த நான்கையும் மனதில் வைத்துத்தான் இந்த மதிப்பெண்.

லவுஞ்சுக்குள் போக என்ன வழிகள் என்று தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. பிசினஸ் கிளாஸ் டிக்கெட் இருந்தால் விமான நிறுவனமே விடும். இல்லையென்றால் அடிக்கடி பறப்பவருக்கான தகுதி. உதாரணமாக, சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃபிளையர் திட்டத்தில் 12 மாதத்தில் 50,000 எலைட் மைல் சேர்த்து கோல்டு ஆனால் ஸ்டார் அலையன்ஸ் என்கிற விமான நிறுவனக் கூட்டணியின் லவுஞ்சுகள் திறக்கும். ஆனால் அன்றைக்கு நீங்கள் ஏறப்போகிற விமானமும் அந்தக் கூட்டணியைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும். எதில் வந்து இறங்கினீர்கள் என்பது பொதுவாகப் பேச்சே இல்லை. எதில் ஏறப்போகிறீர்கள் என்பதுதான் கேள்வி. இதே மாதிரி ஒன்வேர்ல்டு, ஸ்கைடீம் என்று இன்னும் இரண்டு கூட்டணிகள் உண்டு. மலிவு விமானங்களில் பெரும்பாலானவை இந்த மூன்றிலும் கிடையாது. எங்கள் இரண்டு விமானங்களும் அப்படித்தான். என் கணவர் பெருமையாக வைத்திருக்கும் கோல்டு அட்டையால் எங்களுக்கு ஒரு காசு பிரயோஜனம் இல்லை. அவர் பயணத்திலேயே இல்லையே. மிச்சம் இருப்பது காசு கட்டிப் போகிற பொது லவுஞ்ச். அந்தக் காசுக்குப் பதிலாக வங்கி அட்டை வழியாகப் போகலாம். பிரையாரிட்டி பாஸ், லவுஞ்ச் கீ, டிராகன் பாஸ் என்று நடுவில் நிற்பவர்கள் இவர்கள். என் அட்டையில் வருடத்துக்கு இரண்டு நுழைவு. கூட வருபவரும் அதிலிருந்துதான் ஒன்றைச் சாப்பிடுவார். அத்தைக்கு ஒன்று, எனக்கு ஒன்று. அந்த வருடக் கணக்கு முடிந்தது.

திருச்சியில் பெட்டி போடும்போதே முதல் மணி அடித்தது. கவுண்டரில் இருந்த தம்பியிடம் “பெர்த் வரைக்கும் டேக் போட முடியுமா?” என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே எஸ்ஐஎன் என்று மூன்று எழுத்து அச்சடித்த தாளை ஒட்டினார். தனி டிக்கெட், ஒப்பந்தம் இல்லாத நிறுவனங்கள் என்றால் பெட்டி சிங்கப்பூரோடு சரி. நாமே குடிநுழைவுச் சோதனை (இமிகிரேஷன்) தாண்டி வெளியே வந்து, பெட்டியை எடுத்து, மறுபடியும் புறப்பாட்டுக் கூடத்துக்குப் போய்ப் போட வேண்டும். இந்தியக் கடப்பிதழ் வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: வெளியே வர வேண்டுமென்றால் சிங்கப்பூர் விசா வேண்டும். மகனைப் பார்க்க வந்துபோவதால் அத்தையிடம் பலமுறை வந்துபோகிற விசா இருந்தது, தப்பித்தோம். சில நாட்டு விசா வைத்திருப்பவர்களுக்கு 96 மணி நேர விசா இல்லாத் தங்கல் என்று ஒரு சலுகை உண்டு, நிபந்தனைகளோடு. சிங்கப்பூர் குடிநுழைவு ஆணையமான ஐசிஏ-வின் இணையப் பக்கத்தில் வரிவரியாகப் படித்துவிட்டு டிக்கெட் போடுங்கள். எஸ்ஜி அரைவல் கார்டு என்கிற இணைய வருகைப் படிவத்தை, வந்து இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். அது இலவசம், காசு கேட்கிற பக்கம் வந்தால் மூடிவிடுங்கள்.

காலை 6:40-க்கு இறங்கினோம். நகரும் நடைபாதையில் கால் வைக்க அத்தை யோசித்து யோசித்து, ஏழரைக்குத்தான் இரண்டு பெட்டியையும் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு வெளியே வந்தோம். சக்கர நாற்காலி கேட்டு வைக்கிறேன் என்று டிக்கெட் போடும்போதே சொன்னேன். “நான் என்ன சீக்காளியா?” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

நான் மனதில் போட்ட திட்டம் இது: ஏழரைக்கு வெளியே, எட்டு மணிக்கு லவுஞ்ச், குளியல், தூக்கம், மதியம் சாவகாசமாக விமானம். லவுஞ்ச் சலுகைக்கான செயலியில் ‘24 மணி நேரமும் திறந்திருக்கும்’ என்று போட்டிருந்தது. நிஜமாகவே திறந்துதான் இருந்தது, குடிநுழைவுக்கு அந்தப் பக்கம். உள்ளே போக போர்டிங் பாஸ் வேண்டும். இணையத்தில் செக்-இன் பண்ணி போர்டிங் பாஸை எடுத்துவிடலாம், ஆனால் ஆளுக்கு 25 கிலோ பெட்டியை எங்கே போடுவது? பெட்டியை வாங்கிக்கொள்ளும் கவுண்டர் விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்புதான் திறக்கும். எங்கள் விமானம் மதியம் 3:10. அப்படியென்றால் 12:10. சில நிறுவனங்களுக்கு முன்கூட்டியே பெட்டி போடுகிற வசதி சாங்கியில் உண்டு. எங்கள் நிறுவனம் அந்தப் பட்டியலில் இல்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் லவுஞ்ச், இந்தப் பக்கம் நாங்களும் பெட்டியும், நடுவில் நாலரை மணி நேரம்.

இந்த ஒரு விஷயம் எந்த விளம்பரத்திலும் கிடையாது. ஒரே டிக்கெட்டில் போகிறவர் இறங்கியதும் நேராக லவுஞ்சுக்கு நடக்கலாம், பெட்டி தன் வழியில் தானே போகும். கைப்பை மட்டும் வைத்திருக்கிறவரும் தப்பிக்கலாம். பெட்டியோடு வருகிற தனி டிக்கெட்காரருக்கு லவுஞ்ச் என்பது கடைசி இரண்டு மணி நேரத்துக்குள் வருகிற சமாச்சாரம். அதைத் தெரிந்துகொண்டு திட்டம் போட்டிருந்தால் எனக்கு இவ்வளவு எரிச்சல் இருந்திருக்காது.

பெட்டியைக் காசு கொடுத்துப் பாதுகாப்பில் விட்டுவிட்டு எம்ஆர்டி ரயில் ஏறி, நம் ஊர்க் கடைகள் இருக்கிற தேக்காவுக்குப் போய் ஒரு தோசையாவது சாப்பிட்டு வரலாம் என்றேன். அத்தை பெட்டியைவிட்டு அசைய மறுத்துவிட்டார். அதற்குள் பிள்ளை பெற்ற மருந்து இருந்தது. சுக்கு, திப்பிலி, கண்டந்திப்பிலி, ஓமம் எல்லாம் இடித்து, கருப்பட்டிப் பாகில் கிளறி, நெய் ஊற்றி, இரண்டு நாள் உட்கார்ந்து பண்ணியது. ஆஸ்திரேலியாவில் உணவுப்பொருள் எதுவானாலும் பயண அட்டையில் எழுதிக் காட்ட வேண்டும், மறைத்தால் அபராதம் என்று சொல்லிச் சொல்லி, ஒவ்வொரு டப்பாவிலும் என்ன இருக்கிறது என்று ஆங்கிலத்தில் சீட்டு ஒட்டியிருந்தேன். திப்பிலிக்கு ஆங்கிலத்தில் என்ன என்று தேடியே ஒரு ராத்திரி போயிற்று.

ஆக, தள்ளுவண்டியோடு சுற்றினோம். தள்ளுவண்டியை நகரும் படியில் ஏற்றக்கூடாது, ஒவ்வொரு மாடிக்கும் மின்தூக்கிதான். டெர்மினல் 1 புறப்பாட்டுக் கூடத்தில் மேலிருந்து தொங்குகிற செம்புத் துளிகளுக்குக் கீழே உட்கார்ந்து திருச்சியில் கட்டிக்கொண்டு வந்த புளிச்சோற்றை இலைப் பொட்டலத்தோடு பிரித்தோம். ‘கைனெடிக் ரெயின்’, 2012-இல் வைத்தது, மொத்தம் 1,216 துளி. அது மெதுவாக ஏறி இறங்கி, ஒரு சமயம் பட்டம் மாதிரியும் ஒரு சமயம் விமானம் மாதிரியும் வடிவம் மாறுகிறது. அத்தை சோற்று உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டே வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கும் பதினாறு வருடமாக இந்த ஊரில் இருந்து அதை நின்று பார்த்தது அன்றைக்குத்தான். எப்போதும் ஓடிக்கொண்டேதான் தாண்டியிருக்கிறேன்.

பிறகு விமான நிலையத்தை ஒட்டிய ஜுவல் என்கிற கடைத்தொகுதி. நடந்தே போய்விடலாம். 40 மீட்டர் அருவி, கூரை நடுவிலிருந்து கொட்டும், உள்ளரங்கத்தில் உலகத்திலேயே உயரமானது என்றெல்லாம் சொல்லிக் கூட்டிப்போனேன். காலை நேரத்தில் தண்ணீர் திறந்துவிடவில்லை. “அருவின்னு சொன்ன, ஓட்டைதானே இருக்கு” என்றார். பத்து மணிக்கு மேல் கொட்ட ஆரம்பித்ததும்தான் என் மானம் திரும்பியது. குற்றாலத்தில் குளிக்கலாம், இங்கே பார்க்க மட்டும்தானா என்று ஒரு கேள்வி. குளியல் அவர் மனதைவிட்டுப் போகவேயில்லை.

கழிவறைகளைப் பற்றி ஒரு வார்த்தை. சாங்கிக் கழிவறைகளின் வாசலில் ஒரு திரை இருக்கும், அன்றைக்குச் சுத்தம் செய்பவரின் படமும் சிரிக்கிற முகத்திலிருந்து அழுகிற முகம் வரை வரிசையும். எந்த முகத்தைத் தொடுகிறோமோ அது மதிப்பெண். அத்தை ஒவ்வொரு தடவையும் வெளியே வரும்போது நின்று, படத்தில் இருக்கிறவரை நன்றாகப் பார்த்து, சிரிக்கிற முகத்தைத் தொட்டுவிட்டுத்தான் வந்தார். நான்கு தடவை. இந்த மதிப்பெண் எழுதுகிற யோசனையே எனக்கு அங்கேதான் வந்தது.

12:10-க்குக் கவுண்டர் திறந்தபோது வரிசையில் முதலில் நின்றது நாங்கள். 12:30-க்குள் பெட்டி போயாகிவிட்டது. இப்போது வெளியேறும்போது குடிநுழைவில் கடப்பிதழைக் கூட நீட்ட வேண்டாம், முகத்தையும் கண்ணையும் காட்டினால் கதவு திறக்கிறது. அத்தைக்கு முதல் தடவை திறக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றச் சொன்னதும் திறந்தது. 12:50-க்கு முதல் லவுஞ்ச் வாசலில் நின்றோம்.

அங்கே ஒரு பலகை. மதியம் இத்தனை மணி முதல் இத்தனை மணி வரை கூட்டம் காரணமாக விமான நிறுவனங்கள் அனுப்பும் விருந்தினருக்கு மட்டும் என்று. கவுண்டரில் இருந்த பையன் மரியாதையாகத்தான் சொன்னார், இரண்டரைக்கு மேல் வாருங்கள் என்று. இரண்டரைக்கு நாங்கள் விமான வாசலில் இருக்க வேண்டும். செயலியில் அப்படி எதுவும் போடவில்லையே என்று போனைக் காட்டினேன். விதிமுறையில் ‘இடம் இருப்பதைப் பொறுத்து’ என்று ஒரு வரி இருந்ததை அவர் விரலால் தொட்டுக் காட்டினார். இருந்தது. நானும் படித்துத்தான் இருந்தேன். ‘இடம் இருப்பதைப் பொறுத்து’ என்றால் ‘உங்களைத் தவிர மற்றவர்களுக்கு இடம் இருப்பதைப் பொறுத்து’ என்று எனக்கு அர்த்தம் தெரியவில்லை, அவ்வளவுதான்.

டெர்மினல் 1, 2, 3 மூன்றையும் உள்ளுக்குள்ளேயே ஸ்கைடிரெயின் என்கிற சின்ன ரயில் இணைக்கிறது. அதில் ஏறி இன்னொரு டெர்மினலுக்குப் போனோம். டெர்மினல் 4-இல் ஏறுகிறவர்கள் இந்த விளையாட்டுக்கு வராதீர்கள், அது தனி, பேருந்தில்தான் போய்வர வேண்டும். இரண்டாவது லவுஞ்சில் வரிசை இல்லை. அட்டையைத் தட்டி, போர்டிங் பாஸ் இரண்டையும் பார்த்துவிட்டு “மூன்று மணி நேரம்” என்றார்கள். கடிகாரத்தைப் பார்த்தேன், 1:10. எங்கள் கையில் இருந்தது எழுபத்தைந்து நிமிடம். வாசலில் எழுதிப்போட்டிருந்த ரொக்க விலை ஆளுக்கு 60 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) கொஞ்சம் கீழே. அந்தக் காசைக் கையிலிருந்து கொடுத்திருந்தால் அங்கேயே அழுதிருப்பேன்.

உட்காருவதற்கு முன்பே குளியலுக்குப் பெயர் எழுதுங்கள். இதை நான் எல்லோருக்கும் சொல்வேன். குளியலறை இரண்டே இரண்டு. எங்களுக்கு முன்னால் ஒருவர். பத்து நிமிடத்தில் கூப்பிட்டார்கள்.

அறை சுத்தம், குறை சொல்ல முடியாது. வெள்ளைத் துண்டு, சோப்பு, ஷாம்பு, தலை காயவைக்கும் கருவி. ஆனால் பிடித்துக்கொள்ளச் சுவரில் கம்பி இல்லை, உட்கார எதுவும் இல்லை. முழங்கால் வலிக்காரர் நின்றுகொண்டே எப்படிக் காலைக் கழுவுவார்? எண்பது மெத்தை நாற்காலி போட்டவர்களுக்கு ஒரு ஸ்டூல் போடத் தோன்றவில்லை. வெளியே வந்து அங்கே வேலை பார்த்த பெண்ணிடம் கேட்டேன். கருப்புச் சட்டை, தலையைத் தூக்கிக் கட்டியிருந்தார். நான் ஆங்கிலத்தில் இழுக்க, அவர் “அம்மாவுக்கா அக்கா? இருங்க” என்று தமிழில் சொல்லிவிட்டு உள்ளே போய், சமையலறையில் அவர்கள் உட்காருகிற நீலப் பிளாஸ்டிக் ஸ்டூலைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்தார். மலேசியாவின் ஜொகூர் பாருவிலிருந்து தினமும் பாலம் தாண்டி வேலைக்கு வருகிறாராம். முதலில் சொன்ன அந்த ஒரு மதிப்பெண் இவருக்கு.

அடுத்தது குழாய். ஒரே ஒரு கைப்பிடி. மேலே தூக்கினால் தண்ணீர், இடம் வலம் திருப்பினால் சூடு, அதற்கு மேலே இன்னொரு குமிழ், அதைத் திருப்பினால்தான் கைக்குழாயில் வரும், இல்லையென்றால் நேராக உச்சந்தலையில். நான் சொல்லிக்கொடுத்துவிட்டு வெளியே வந்து கதவுக்குப் பக்கத்தில் நின்றேன். அரை நிமிடம் சத்தமில்லை. பிறகு ‘அய்யய்யோ’ என்று ஒரு குரல். பயணத்தில் தலைக்கு ஊற்றினால் சளி பிடிக்கும் என்று சேலைத் தலைப்பால் முண்டாசு கட்டிக்கொண்டுதான் போயிருந்தார். முண்டாசோடு சேர்த்து மேலே கொட்டிவிட்டது. “ஊத்துனது ஊத்திருச்சு, இனி நல்லாவே குளிச்சிட்டு வாறேன்” என்று உள்ளிருந்தே அறிவிப்பு. இருபது நிமிடம் குளித்தார். வெளியே வந்தபோது அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, நான் பட்ட எரிச்சலில் பாதியைக் கழித்துக்கொண்டேன். பிறகு நான் நின்று அந்தக் கருவியால் அவர் நரைமுடியைக் காயவைத்தேன். கல்யாணமாகிப் பதினேழு வருடத்தில் அவர் தலையை நான் தொட்டது அன்றைக்குத்தான். இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

சாப்பாடு. வறுத்த பீஹூன் (அரிசிச் சேமியா), வெள்ளைச் சோறு, கோழிக் கறி, தேங்காய்ப்பால் ஊற்றிய காய்கறிக் குழம்பு, சூப், வெட்டிய தர்பூசணி, ரொட்டி. அன்று வெள்ளிக்கிழமை, அத்தை கவிச்சி தொடமாட்டார். காய்கறிக் குழம்பில் ‘வெஜிடபிள்’ என்று சீட்டு இருந்ததால் எடுத்துப் போட்டேன். அதே பெண் தட்டு எடுக்க வந்தவர் குனிந்து, “அக்கா, அதுல உடாங் கெரிங் போட்டிருக்காங்க” என்று காதில் சொன்னார். காய்ந்த இறால். சீட்டு எழுதினவரைப் பொறுத்தவரை இறாலும் காய்கறிதான் போல. கடைசியில் அத்தை சாப்பிட்டது வெள்ளைச் சோறு, தயிர்க் கிண்ணம் ஒன்று, அவர் கைப்பையில் இருந்த நார்த்தங்காய் ஊறுகாய். வெளிச் சாப்பாடு கூடாது என்று எழுதியிருந்த பலகைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டோம். காப்பி இயந்திரத்தில் பதினொரு பொத்தான், பதினொன்றிலும் ஒரே ருசி. காலையில் கோப்பிக்கடையில் வாங்கிக் கொடுத்த சர்க்கரை இல்லாத கோப்பி சி-யே (டப்பாப் பால் ஊற்றிய காப்பி) தேவலை என்றார் அத்தை. சரிதான்.

வெந்நீர் கிடைத்தது. அதற்கு முழு மதிப்பெண். மாத்திரை போட்டுவிட்டு, முக்கால் லிட்டர் பிளாஸ்க்கை விளிம்புவரை நிரப்பிக்கொண்டார். சாய்வு நாற்காலிகள் இரண்டிலும் ஆள் தூங்கிக்கொண்டிருந்தார்கள், ஆக கால் நீட்டுகிற கணக்கு அங்கே நடக்கவில்லை. வெளியே பொது இடத்திலேயே சாய்ந்து படுக்கிற இலவச நாற்காலிகள் உண்டு, காலை அமுக்கிவிடும் இயந்திரங்கள் உண்டு, டெர்மினல் 3-இல் பட்டாம்பூச்சித் தோட்டமும் இலவசத் திரையரங்கும் உண்டு. லவுஞ்சுக்குள் போனதால் இதில் எதையும் அத்தைக்குக் காட்ட நேரம் இல்லாமல் போனது. யோசித்துப் பார்த்தால் குளியலையும் வெந்நீரையும் தவிர உள்ளே இருந்ததெல்லாம் வெளியே இன்னும் நல்லதாகவே இருந்தது. குளியலுக்கும் தனியாகக் காசு வாங்கிக்கொண்டு விடுகிற இடங்கள் டிரான்சிட் பகுதியில் இருக்கின்றன.

அடுத்த தடவை என்ன செய்வேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஜுவலில் யோட்டல்ஏர் என்று ஒரு சின்ன ஹோட்டல், நான்கு மணி நேரத்துக்கு அறை கொடுக்கிறார்கள். குடிநுழைவுக்கு வெளியே இருக்கிறது, பெட்டியோடு போகலாம், கழிவறையும் குளியலும் நமக்கே. எட்டு மணிக்கு அங்கே போயிருந்தால் அத்தை பன்னிரண்டு வரை கட்டிலில் படுத்திருப்பார். லவுஞ்சேதான் வேண்டும் என்றால் ஜுவலிலேயே சாங்கி லவுஞ்ச் இருக்கிறது, அதுவும் வெளியேதான். அன்றைக்குத் தள்ளுவண்டியோடு அதற்கு முன்னாலேயே இரண்டு தடவை நடந்திருக்கிறோம். நான் தலை நிமிர்ந்து பார்க்கவில்லை, செயலியில் இருந்த பெரிய படங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். வங்கியைத் திட்டுவதா என்னைத் திட்டுவதா என்று இன்னும் முடிவாகவில்லை. ஒரே டிக்கெட்டில் வந்து, ஐந்தரை மணி நேரத்துக்கு மேல் டிரான்சிட் இருந்து, வெளியே வர அனுமதியும் இருப்பவர்கள் இதெல்லாம் யோசிக்காமல் விமான நிலையம் நடத்துகிற இலவச நகர்ச் சுற்றுலாவுக்குப் பெயர் கொடுத்துவிடுங்கள்.

2:25-க்குக் கிளம்பினோம். லவுஞ்சுக்குள் எந்த அறிவிப்பும் வராது என்பதை ஞாபகம் வையுங்கள். சாங்கியில் பொதுவாகவே ஒலிபெருக்கியில் கத்திக் கூப்பிடுகிற பழக்கம் இல்லை. கடிகாரத்தை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். விமான வாசலுக்கு ஸ்கைடிரெயினில் திரும்பி, அப்புறம் ஒரு நீண்ட நடை. போய்ச் சேர்ந்தபோது 2:45.

இங்கேதான் நான் ஒன்றை மறந்திருந்தேன். டெர்மினல் 1, 2, 3-இல் பாதுகாப்புச் சோதனை நுழைவில் இல்லை, அந்தந்த விமான வாசலில்தான். லவுஞ்சில் நிரப்பிய தண்ணீர் வாசலைத் தாண்டாது. அத்தையின் பிளாஸ்க்கைப் பார்த்துவிட்டு அதிகாரி, தண்ணீரைக் கொட்டிவிட்டு வரச் சொன்னார்.

“கொட்டுறதா? இம்புட்டுச் சூடா வாங்கியாந்தத?”

கொட்டவில்லை. வரிசையிலிருந்து ஓரமாக நகர்ந்து, மூடியில் ஊற்றி ஊதி ஊதிக் குடிக்க ஆரம்பித்தார். பின்னால் நின்ற வெள்ளைக்காரப் பாட்டி ஒருவருக்கும் ஒரு மூடி நீட்டினார். அவர் சிரித்து வேண்டாம் என்றார். நான் இரண்டு மூடி குடித்தேன். மிச்சம் முழுவதையும் அத்தையே முடித்தார். காலி பிளாஸ்க்கைத் தலைகீழாகக் கவிழ்த்து அதிகாரியிடம் காட்டிவிட்டு, நிமிர்ந்து உள்ளே நடந்தார்.

வாசல் அறைக்குள் நாற்காலி இருந்தது, கண்ணாடிக்கு வெளியே விமானம் இருந்தது. பத்து நிமிடம் கழித்து என் காதருகே வந்து கேட்டார். நான் சுற்றிப் பார்த்தேன். அந்த அறைக்குள் கழிவறை இல்லை. வெளியே போனால் மறுபடியும் சோதனை வரிசை, வரிசையில் நாற்பது பேர், ஏற ஆரம்பித்துவிட்டார்கள்.

விமானம் மேலேறி, சீட் பெல்ட் விளக்கு அணைகிறவரை அத்தை என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை.